கவுண்ட்டவுன் ஓடுது, என்னதான் வரப்போகுது? கேம் அறிவிப்பு பில்டப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரிய கேம் ஒன்றின் அறிவிப்பு வரப்போகிறது என்றால் போதும், டிஸ்கார்டிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் அதே பத்துப் பதினைந்து சந்தேகங்கள் சுற்றிச் சுற்றி வரும். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்திருக்கிறோம். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால்.

ஜீரோ ஆனதும் கேம் வந்துடுமா?

பெரும்பாலும் வராது. ஜீரோவில் வரக்கூடியவை நான்கு வகை: அறிவிப்பு எப்போது என்று சொல்லும் அறிவிப்பு, டீசர், டிரெய்லர், கேமே விற்பனைக்கு வருவது. கடைசி வகை அபூர்வம். கவுண்ட்டவுன் உறுதியாகச் சொல்வது ஒரு நேரத்தை மட்டும்தான். பொருள் என்ன என்பதைப் பக்கத்தில் எழுதியிருக்கும் வாசகத்தில்தான் தேட வேண்டும். அங்கே ஒன்றும் எழுதவில்லை என்றால் ஒன்றும் வாக்குக் கொடுக்கவில்லை என்று அர்த்தம்.

கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ தொடரின் ஆறாவது கேமான ஜி.டி.ஏ. 6 இதற்கு நல்ல உதாரணம். 2023 நவம்பர் 8 அன்று, டிசம்பர் தொடக்கத்தில் டிரெய்லர் வரும் என்று அதை உருவாக்கும் ராக்ஸ்டார் நிறுவனம் சொன்னது. டிசம்பர் 1 அன்று, டிசம்பர் 5 காலை 9 மணி, இ.டி. (அமெரிக்கக் கிழக்குக் கரை) நேரம் என்றது. ஒன்றரை நிமிடச் சொச்ச வீடியோவுக்கு இத்தனை முன்னறிவிப்பு. அந்த வீடியோவின் கடைசியில் 2025 என்று இருந்தது. அது பிறகு 2026 மே 26 ஆகி, அதற்கும் பிறகு 2026 நவம்பர் 19 ஆனது.

"9 ஏ.எம். பி.டி."ன்னு போட்டிருக்காங்க. நம்ம நேரத்துக்கு எத்தனை மணி?

பி.டி. என்பது அமெரிக்க மேற்குக் கரை நேரம், இ.டி. என்பது கிழக்குக் கரை நேரம். அங்கே மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைப்பார்கள். அந்த மாதங்களில் இந்திய, இலங்கை நேரத்துக்கு பி.டி.யோடு 12½ மணியும் இ.டி.யோடு 9½ மணியும் கூட்டுங்கள். மற்ற மாதங்களில் 13½, 10½. ஆக, காலை 9 பி.டி. என்பது ஜூலையில் நமக்கு இரவு 9.30, டிசம்பரில் இரவு 10.30. சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்கள் இதோடு இன்னும் 2½ மணி சேர்த்துக்கொள்ளலாம். ஜப்பான் நேரம் என்றால் இந்திய நேரத்துக்கு 3½ மணி கழிக்க வேண்டும்.

இடறும் இடங்கள் இரண்டு. ஜூலையில்கூட "பி.எஸ்.டி." என்று எழுதுபவர்கள் நிறைய. அது கண்டிப்பாகப் பார்த்தால் குளிர்கால நேரத்தின் பெயர். எழுதியவர் சொல்ல வந்தது அன்றைய உள்ளூர் நேரத்தைத்தான், எனவே கோடைக் கணக்கையே போடுங்கள். அடுத்தது, ஐரோப்பாவில் கடிகாரம் மாறுவது மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிற்றில். இடைப்பட்ட சில வாரங்களில் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் வழக்கமான 5 மணி வித்தியாசம் 4 ஆகிவிடும். அப்போது லண்டன் நேரத்தை வைத்து மனக்கணக்குப் போட்டால் ஒரு மணி நேரம் பிசகும். யூடியூப் பிரீமியர் (முன்பே நேரம் குறித்து எல்லோருக்கும் ஒன்றாக வீடியோவைத் திரையிடுவது) பக்கத்தில் இருக்கும் நேரம் உங்கள் ஊர் நேரமாகவே காட்டப்படும். இருந்தால் அதையே நம்புங்கள்.

ஜீரோ ஆயிடுச்சு, ஒண்ணும் வரல. என் நெட்டா, அவங்க சர்வரா?

யூடியூப் பிரீமியராக இருந்தால் பதறாதீர்கள். குறித்த நேரம் வந்த பிறகுதான், வழக்கமாக 2 நிமிட எண்ணிக்கை ஓடும். அதற்குப் பிறகே வீடியோ. நேரலை நிகழ்ச்சிகளில் "தொடங்கும் நேரம்" என்பது முன்நிகழ்ச்சி தொடங்கும் நேரமாகவும் இருக்கும்.

நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் ஓடும் கவுண்ட்டவுன் என்றால் வேறு கதை. எண்கள் பூஜ்யம் ஆனாலும் பக்கம் பழையதாகவே நிற்கலாம். உங்கள் உலாவியோ இடையில் இருக்கும் சேமிப்புச் சர்வரோ பழைய நகலைக் காட்டிக்கொண்டிருக்கும். ஒருமுறை ரிஃப்ரெஷ் செய்யுங்கள், பிறகு தனிமறைவுச் (இன்காக்னிட்டோ) சாளரத்தில் திறந்து பாருங்கள். அதற்கும் வராவிட்டால் அந்த நிறுவனத்தின் யூடியூப் பக்கத்துக்குப் போய்விடுங்கள். தளம் படுத்தாலும் யூடியூப் பெரும்பாலும் நிற்கும். 2007 மார்ச் 29 அன்று ஜி.டி.ஏ. 4-இன் முதல் டிரெய்லரைப் பார்க்க வந்த கூட்டத்தில் ராக்ஸ்டாரின் தளம் விழுந்தது. 2025 செப்டம்பர் 4 அன்று ஹாலோ நைட்: சில்க்சாங் கேம் விற்பனைக்கு வந்தபோது, கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் உட்படப் பல இணையக் கடைகள் தடுமாறின. ரிஃப்ரெஷ் செய்யும் எஃப் 5 பொத்தானை நிமிடத்துக்கு முப்பது முறை தட்டுவது அந்தக் கூட்டத்தில் நீங்களும் முப்பது பேராகச் சேர்வதுதான்.

போன்ல தேதியை ஒரு நாள் முன்னாடி தள்ளி வெச்சா முன்கூட்டியே பாக்கலாமா?

எண்கள் மட்டும் பூஜ்யத்துக்குப் போகும். பல தளங்களில் கவுண்ட்டவுன் உங்கள் கருவியின் கடிகாரத்தைப் பார்த்துத்தான் ஓடுகிறது, அதனால்தான் நண்பரின் திரையில் 4 நிமிடமும் உங்கள் திரையில் 6 நிமிடமும் காட்டுவது. ஆனால் உள்ளே வர வேண்டியது சர்வரில் இருக்கிறது, அவர்கள் திறந்தால்தான் வரும். கடிகாரத்தைத் தானியங்கியில் விட்டுவிடுங்கள். கையால் மாற்றி வைத்தால் வங்கிச் செயலிகள்கூட முரண்டு பிடிக்கும்.

எதுக்கு இவ்ளோ இழுவை? நேரா டிரெய்லரை விட்டா என்ன குறைஞ்சிடும்?

ஒரே நிமிடத்தில் லட்சக்கணக்கானவர்கள் ஒன்றுகூடிப் பார்ப்பதற்குத் தனி மதிப்பு உண்டு. ஒரே நேரத்தில் பார்த்தால் ஒரே நேரத்தில் பேசுவார்கள், பேசுவது டிரெண்டிங்கில் ஏறும், செய்தித்தளங்கள் முன்கூட்டியே ஆள் ஒதுக்கும், வாங்க நினைப்பவர்கள் கடையில் குறித்து வைக்கும் விஷ்லிஸ்ட் எண்ணிக்கை ஒரே நாளில் குவியும். காத்திருக்கும் நாட்களில் ரசிகர்கள் போடும் ஊகப் பதிவுகள் எல்லாமே சம்பளம் இல்லாத விளம்பரம்.

எந்த அளவுக்கு என்றால், 2018 மே மாதக் கடைசியில் ஃபால்அவுட் கேம்களை வெளியிடும் பெத்தெஸ்டா நிறுவனம், நேரலைத் தளமான ட்விட்ச்சில் ஒரு நேரலை போட்டது. "சற்றுப் பொறுங்கள்" என்ற பொருள்படும் வாசகத்தோடு ஒரு பழைய டிவி, அதன் முன்னால் தலையாட்டி பொம்மை ஒன்று. அவ்வளவுதான். கிட்டத்தட்ட ஒரு நாள் முழுக்க மக்கள் அந்தப் பொம்மையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எப்போதாவது யாராவது பின்னால் நடந்து போனால் சாட் பொங்கிவிடும். மே 30 அன்று வந்தது ஃபால்அவுட் 76 அறிவிப்பு.

ஆனால் இழுவை இல்லாமலும் காரியம் நடக்கும். 2025 மே 6 அன்று ஜி.டி.ஏ. 6-இன் இரண்டாவது டிரெய்லரை ராக்ஸ்டார் சொல்லாமல் கொள்ளாமல் போட்டது. ஏற்கெனவே உலகம் காத்திருக்கும் பெயருக்குக் கவுண்ட்டவுன் தேவையில்லை. அது உண்மையில் தேவைப்படுவது நடுத்தரப் பெயர்களுக்குத்தான், ஆபத்தும் அவற்றுக்குத்தான் அதிகம்.

எல்லாரும் "அதுதான் வருது, கன்ஃபர்ம்"னு சொல்றாங்க. கடைசில ஏன் எப்பவும் வேற ஏதோ வருது?

வெற்றிடத்தை ஆசை நிரப்புகிறது. நிறுவனம் சொல்லாமல் விட்ட இடத்தில் ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்ததை வைத்துக்கொள்கிறார்கள். பத்தாயிரம் பேர் அப்படி வைத்தால் அதில் மிக இனிப்பானது மட்டும் பகிரப்பட்டுப் பகிரப்பட்டு மேலே வருகிறது. நாலாம் நாள் அது ஊகமாகத் தெரியாது, செய்தியாகத் தெரியும்.

2013 செப்டம்பரில், ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் மூன்று அறிவிப்புகளுக்கு ஒரு கவுண்ட்டவுன் பக்கம் போட்டது. பக்கத்தில் இருந்த வாசகம் ஸ்டீமை வரவேற்பறைக்குக் கொண்டுவருவது பற்றி. அதாவது சோபாவில் உட்கார்ந்து டிவியில் விளையாடுவது. அதில் இருந்த வட்டங்களையும் குறிகளையும் வைத்து ரசிகர்கள் கணக்குப் போட்டார்கள். மூன்று அறிவிப்பு, ஆக வால்வின் ஹாஃப்-லைஃப் தொடரில் ரசிகர்கள் காத்திருந்த ஹாஃப்-லைஃப் 3! 23-ஆம் தேதி ஸ்டீம் ஓ.எஸ். என்ற இயங்குதளம் வந்தது, 25-ஆம் தேதி ஸ்டீம் மெஷின்கள் என்ற கேம் கணினிகள் வந்தன. அப்போதும் நம்பிக்கை சாகவில்லை, மூன்றாவது மிச்சம் இருக்கிறதே. 27-ஆம் தேதி வந்தது ஒரு கன்ட்ரோலர். வால்வ் ஒரு இடத்திலும் பொய் சொல்லவில்லை. வரவேற்பறை என்று எழுதியிருந்தது, வரவேற்பறைக்கான சாமான்கள் வந்தன.

அப்போ குறிப்பு தேடுறதெல்லாம் வெட்டி வேலையா?

இல்லை. சில நிறுவனங்கள் நிஜமாகவே ஒளித்து வைக்கும். 2010 மார்ச் 1 அன்று வால்வின் போர்ட்டல் கேமுக்கு ஒரு சிறிய அப்டேட் வந்தது. விளையாட்டில் ஆங்காங்கே இருந்த 26 ரேடியோக்களைச் சரியான இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனால் பாட்டு நின்று வேறு ஒலி கேட்டது. சிலவற்றில் மோர்ஸ் குறியீடு. சில, ஹாம் ரேடியோக்காரர்கள் ஒலி வழியாகப் படம் அனுப்பும் முறையில் இருந்தவை. அந்த ஒலியை மென்பொருளில் கொடுத்தால் திரையில் கோடு கோடாகப் படம் விரியும். படங்களில் கிடைத்த தடயங்களைச் சேர்த்தால் ஒரு தொலைபேசி எண், பழைய மோடத்தில் அதற்கு அழைத்தால் இன்னும் தகவல். மார்ச் 5 அன்று போர்ட்டல் 2 அறிவிக்கப்பட்டது.

வித்தியாசம் இதுதான்: அங்கே ரேடியோவுக்கு அப்டேட்டில் புதுசாக ஒலி சேர்த்திருந்தார்கள். யாரோ வேலை மெனக்கெட்டுச் செய்த மாற்றம் அது. மாறாக, ஜி.டி.ஏ. 6-இன் இரண்டாவது டிரெய்லர் தேதியை விளம்பரப் படங்களில் இருந்த நிலாவின் வடிவத்தை வைத்துக் கணித்தார்கள். வானத்தை வரைந்தால் நிலாவும் இருக்கத்தான் செய்யும். நிலா சொன்ன நாளில் ஒன்றும் வரவில்லை.

எடை உள்ள தடயங்கள் சலிப்பாக இருக்கும். கேம்களுக்கு வயது வரம்பு குறிக்கும் மதிப்பீட்டு வாரியங்களின் பட்டியல், ஸ்டீம் கடையின் பின்னணி மாற்றங்கள், வர்த்தகக் குறிப் பதிவு. அவற்றையும் அளவோடுதான் படிக்க வேண்டும். 2023-இல் தென்கொரிய மதிப்பீட்டு வாரியத்தின் பட்டியலில் ராக்ஸ்டாரின் பழைய கேமான ரெட் டெட் ரிடெம்ப்ஷன் வந்ததும் ரீமேக் (புதிதாகச் செய்த பதிப்பு) என்றே முடிவு கட்டினார்கள். ஆகஸ்ட்டில் வந்தது பழைய கேமை அப்படியே பி.எஸ். 4, ஸ்விட்ச் ஆகிய கேம் கருவிகளுக்கு மாற்றிய பதிப்பு, விலை 50 டாலர். தடயம் சரி, அதன் மேல் கட்டிய மாடிதான் தப்பு.

இந்த கவுண்ட்டவுன் சைட் ஒரிஜினலா டூப்பான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முதலில் பார்க்க வேண்டியது யார் இணைப்புக் கொடுத்தார்கள் என்பது. நிறுவனத்தின் சரிபார்க்கப்பட்ட கணக்கிலிருந்து அந்த முகவரிக்கு இணைப்பு இருக்க வேண்டும். "ஒருத்தர் கண்டுபிடிச்சார்" என்று மட்டும் இருந்தால் ஐந்து நிமிடம் செலவழியுங்கள். முகவரி நிறுவனத்தின் முதன்மைத் தளத்தின் கிளையா, அல்லது தனியாக வாங்கியதா? டொமைன் பதிவு விவரத்தில் எப்போது வாங்கியது? பக்கத்தின் அடியில் காப்புரிமை வரியும் தனியுரிமைக் கொள்கை இணைப்பும் உண்டா, அந்த இணைப்பு எங்கே போகிறது? பெரிய நிறுவனங்களின் சட்டத் துறை அந்தச் சின்ன எழுத்து வரிகள் இல்லாமல் பக்கத்தை வெளியே விடாது. போலி செய்பவர்கள் பின்னணி இசைக்கும் மர்ம எழுத்துக்கும் மெனக்கெடுவார்கள், இதை மறந்துவிடுவார்கள்.

2013 கடைசியில் ஃபால்அவுட் 4 பெயரில் கிளம்பிய ஒரு தளம் இப்படித்தான் பலரையும் சுற்றலில் விட்டது. மோர்ஸ் குறியீட்டு வரிகள், 2299 என்ற ஆண்டு, ஓடும் கவுண்ட்டவுன் எல்லாம் இருந்தது. அது போலி என்று தெளிவானபோது மோர்ஸ் படித்துக் கற்றுக்கொண்டவர்கள்தான் மிச்சம். அசலான கவுண்ட்டவுன் 2015 ஜூன் 2 அன்று வந்தது, பெத்தெஸ்டாவே சொல்லி. ஒரே நாள் ஓடியது, மறுநாள் டிரெய்லர்.

லைவ் ஓடுது, ஓரத்துல க்யூ.ஆர். கோடு இருக்கு. ஸ்கேன் பண்ணலாமா?

வேண்டாம். பெரிய அறிவிப்பு நாட்களில் களவாடப்பட்ட யூடியூப் சேனல்களில் இப்படி ஓடும். அசல் சேனலின் பெயரும் படமும் இருக்கும், கவுண்ட்டவுன் இருக்கும், கிரிப்டோ நாணயம் அனுப்பினால் இரட்டிப்பாகத் திரும்பும் என்ற வாசகமும் இருக்கும். திரும்பாது. சேனலின் பழைய வீடியோக்களைப் பாருங்கள், சமையலோ பயணமோ இருந்தால் விஷயம் புரிந்துவிடும். எல்லாவற்றையும் நீக்கியிருந்தாலும் புரிந்துவிடும்.

"ஜி.டி.ஏ. 6 மொபைல் ஏ.பி.கே." (ஆண்ட்ராய்டு செயலிக் கோப்பு), "பீட்டா அழைப்பு" (சோதனைப் பதிப்புக்கான அழைப்பு) எல்லாமும் இதே ஜாதி. அந்த கேம் பி.எஸ். 5-க்கும் எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸ், எஸ் கருவிகளுக்கும்தான் அறிவிக்கப்பட்டது.

லீக் ஆயிடுச்சாம். இப்பவே பாக்கறதா, நாளைக்கு வரைக்கும் பொறுக்கறதா?

உங்கள் விருப்பம். என்ன இழக்கிறீர்கள் என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். ஜி.டி.ஏ. 6-இன் முதல் டிரெய்லர் குறித்த நேரத்துக்கு முன்பே எக்ஸ் தளத்தில் கசிந்தது. மங்கலான தரம், அதன் மேல் பிட்காயின் வாங்கச் சொல்லும் எழுத்து. ராக்ஸ்டார் உடனே அசலை யூடியூபில் ஏற்றிவிட்டது. முதல் 24 மணி நேரத்தில் 9 கோடிக்கும் மேல் பார்வைகள். டிசம்பர் 5 இரவு 7.30-க்கு அலாரம் வைத்திருந்த நம்மவர்கள் அன்று கண்விழித்தபோதே டிரெய்லர் வந்து கிடந்தது.

இதிலிருந்து நடைமுறைக்கு ஒன்று: கசிவுச் செய்தி வந்தால் கசிந்த வீடியோவைத் தேடாதீர்கள். அதிகாரப்பூர்வச் சேனலின் மணியை அழுத்திவிட்டு அரை மணி பொறுங்கள். இப்போதெல்லாம் பல நிறுவனங்கள் முந்திக்கொண்டு அசலை விட்டுவிடுகின்றன. கசிந்த கோப்பை "டவுன்லோடு" இணைப்பில் எடுக்கவே எடுக்காதீர்கள், காரணம் முந்தைய பதிலில்.

கோமாளி மேக்கப் போட்ட மீம் ஏன் எங்க பாத்தாலும் இருக்கு?

"இந்த முறை கட்டாயம் வரும்" என்று நம்பி ஏமாந்தவர் தன்னையே கேலி செய்துகொள்வது அது. சில்க்சாங் ரசிகர்கள் அதை ஒரு கலையாகவே வளர்த்தார்கள். கேம் அறிவிக்கப்பட்டது 2019 பிப்ரவரியில், கைக்கு வந்தது 2025 செப்டம்பரில். இடையில் ஒவ்வொரு நின்டெண்டோ டைரக்டுக்கு (நின்டெண்டோ நிறுவனம் அறிவிப்புகளை வெளியிடும் வீடியோ நிகழ்ச்சி) முன்பும் மூக்கில் சிவப்பு உருண்டை. 2022 ஜூனில் எக்ஸ்பாக்ஸ் நிகழ்ச்சியில் காட்டியவை எல்லாம் 12 மாதத்துக்குள் வரும் என்றார்கள். அதில் சில்க்சாங்கும் இருந்தது. அது தள்ளிப்போகிறது என்று 2023 மே மாதத்தில் சொன்னார்கள். கடைசியில் 2025 ஆகஸ்ட் 21 அன்று தேதி அறிவித்தார்கள், இரண்டே வாரத்தில் கேம்.

எல்டன் ரிங் ரசிகர்கள் இன்னும் ஒரு படி மேல். 2019 ஜூனுக்கும் 2021 ஜூனுக்கும் இடையே செய்தியே இல்லாததால், இல்லாத கதாபாத்திரங்களையும் அரக்கர்களையும் அவர்களே உருவாக்கி, அவற்றைப் பற்றித் தீவிரமாக வாதாடினார்கள். புதிதாக ஒன்றுமே காட்டாமல் 2020-இல் "மிகவும் எதிர்பார்க்கப்படும் கேம்" விருதையும் அது வாங்கியது. காத்திருப்பதை ஆரோக்கியமாகக் கடக்க இதைவிட நல்ல வழி இல்லை என்றே சொல்வோம். கோபப்பட்டவர்களைவிடக் கோமாளிகள் சந்தோஷமாக இருந்தார்கள்.

மொக்கையா முடிஞ்சா அது யார் தப்பு? கம்பெனியா, நாமளா?

வாசகத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். வால்வ் விஷயத்தில் ரசிகர்கள் மேல்தான் அதிகம். ப்ளிஸார்டு நிறுவனத்தின் ரசிகர் விழாவான 2018 ப்ளிஸ்கான் சிக்கலானது. டியாப்லோ தொடரில் புது கேம் வரும் என்ற எதிர்பார்ப்பை ஏற்றிவிட்ட பிறகு, எல்லாத் திட்டங்களையும் இப்போது அறிவிக்க முடியாது என்று ப்ளிஸார்டு முன்கூட்டியே எழுதியது. எழுதியது உண்மை. ஆனால் நிகழ்ச்சியின் முக்கிய இடத்தில், கணினியில் விளையாடி வளர்ந்த கூட்டத்தின் முன்னால், டியாப்லோ இம்மார்ட்டல் என்ற மொபைல் கேமைக் கொண்டுவந்து நிறுத்தியது. கூட்டம் கூச்சலிட்டபோது, உங்களிடம் போன் இல்லையா என்று மேடையிலிருந்து கேட்டது எரிகிற நெருப்பில் எண்ணெய். பணம் கொடுத்து வந்தவர்கள் முன் எதை எந்த இடத்தில் வைப்பது என்பது நிறுவனத்தின் முடிவு, அந்தப் பிழை அவர்களுடையது.

2021-இல் அபாண்டன்ட் என்ற கேமுக்கு வந்தது வேறு மாதிரி. அது சைலன்ட் ஹில் என்ற பிரபல திகில் கேம் தொடரின் மாறுவேடம் என்று ரசிகர்கள் நம்பினார்கள், மறுப்பையும் தடயமாகவே படித்தார்கள். ஆகஸ்ட்டில் பி.எஸ். 5 செயலி ஒன்றில் முன்னோட்டம் என்றார்கள், அது சில நாள் தள்ளிப்போனது, திறந்தபோது ஏற்கெனவே வெளியிட்டிருந்த சில நொடிக் காட்சிதான் இருந்தது. இங்கே இரண்டு கையும் சேர்ந்து தட்டியது.

சரியாகச் செய்தது யார் என்றால் நின்டெண்டோ. 2024 மே மாதம் அதன் தலைவர் ஃபுருகாவா, ஸ்விட்ச்சுக்கு அடுத்த கருவி பற்றி இந்த நிதியாண்டுக்குள் சொல்வோம், ஜூன் டைரக்டில் அது பற்றிப் பேச்சே இருக்காது என்று எழுதினார். எது வராது என்று முன்பே சொன்னது அது. ஸ்விட்ச் 2 அறிமுக வீடியோ 2025 ஜனவரி 16 அன்று வந்தது, சொன்ன கெடுவுக்குள்.

கோபமா இருக்கு. எப்படிக் காட்டினா பலன் இருக்கும்?

விஷயத்தின் மேல் காட்டினால். ஸ்விட்ச் 2 விலை வெளியான பிறகு 2025 ஏப்ரலில் நின்டெண்டோவின் நேரலைச் சாட்டில் "விலையைக் குறை" என்ற ஒரே வரிதான் வெள்ளமாக ஓடியது. விலை குறையவில்லை, ஆனால் உலகம் முழுக்கச் செய்தியானது. விஷ்லிஸ்டிலிருந்து எடுப்பது, முன்பதிவை ரத்து செய்வது ஆகியவற்றை நிறுவனம் எண்ணிக்கையாகவே பார்க்கும்.

பலனில்லாதது மட்டுமல்ல, குற்றமும் ஆவது மிரட்டல். 2016-இல் நோ மேன்ஸ் ஸ்கை ஜூனிலிருந்து ஆகஸ்ட்டுக்குத் தள்ளிப்போனதற்கு உருவாக்கியவருக்குக் கொலை மிரட்டல் போனது. இரண்டு மாதத் தாமதத்துக்கு.

அறிவிப்பு வந்த சூட்டோட ப்ரீ-ஆர்டர் போட்டுடலாமா?

டிஜிட்டல் பிரதி தீர்ந்துபோகாது. முதலில் டிரெய்லரின் அடியில் உள்ள சின்ன எழுத்தைப் படியுங்கள்: கேமை இயக்கும் மென்பொருளில் (எஞ்சின்) எடுத்ததா, தனியாகச் செய்த அனிமேஷனா, விளையாடும் காட்சியா? விளையாடும் காட்சி ஒரு நொடிகூட இல்லையென்றால் நீங்கள் வாங்குவது ஒரு குறும்படத்தை நம்பி. ஸ்டீமில் போட்டுவிட்டால் பயமில்லை, வெளியாகும் வரை எப்போது வேண்டுமானாலும் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். வெளியான பிறகு 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் கேட்கலாம். மற்ற கடைகளின் விதிகள் வேறு, பணம் கட்டுமுன் படித்துவிடுங்கள்.

ரசிகர்களே சேர்ந்து கவுண்ட்டவுனை வேகமா ஓட வெக்க முடியுமா?

ஒருமுறை நடந்திருக்கிறது. போர்ட்டல் 2 வர வேண்டிய நாள் 2011 ஏப்ரல் 19. அதற்கு முன்பு வால்வ் ஒரு கவுண்ட்டவுன் ஓடவிட்டது, அது ஏப்ரல் 15 அன்று முடிந்தது. கேம் நான்கு நாள் முன்பே வந்துவிட்டது என்று நினைத்து எல்லோரும் பாய்ந்தார்கள். வந்தது இன்னொரு கவுண்ட்டவுன். கூடவே ஒரு நிபந்தனை: உருளைக்கிழங்குச் சாக்கு என்று பெயரிட்ட 13 சிறிய கேம்களை மக்கள் விளையாட விளையாட கடிகாரம் சுருங்கும். அதற்காகவே அந்த 13-ஐயும் காசு கொடுத்து வாங்கினவர்கள் உண்டு. இரவு பகலாக விளையாடினார்கள், ஒவ்வொரு கேமுக்கும் ஆள் பிரித்து விட்டார்கள்.

கேம் ஏறக்குறைய 10 மணி நேரம் முன்னதாகத் திறந்தது. பாதிப் பேர் கொண்டாடினார்கள், மீதிப் பேர் பத்து மணி நேரத்துக்கா இந்தப் பாடு என்று திட்டினார்கள். எங்கள் கணக்கில் அந்த 13 சிறு கேம்களை உருவாக்கியவர்களுக்குத்தான் அது மிக நல்ல வாரம்.